நீ நிறுத்தி வைத்த முகம்

தம்பி,

இவ்வளவு நீளமாக எழுதுவதற்கு என்னோடு கோபிக்காதே. உனக்குத் தமிழ் வாசிக்க நேரம் எடுக்கும் என்று தெரியும். சனிக்கிழமைத் தமிழ்ப் பள்ளிக்கூடத்தை எட்டாம் வகுப்போடு விட்டுவிட்டாய். பெரிய சொல் வந்தால் இன்னமும் உதட்டை அசைத்துத்தான் வாசிப்பாய். டெனிஷில் எழுதியிருக்கலாம். படித்த காலத்தில் எல்லாக் கட்டுரைகளையும் அந்த மொழியில்தான் எழுதினேன், குசினி மேசையில் பக்கத்தில் இருந்து நீதான் பிழை திருத்தித் தந்தாய். எங்கள் குடும்பத்தில் முதலில் பட்டம் எடுத்தவள் நான் என்று மற்றவர்களுக்குச் சொல்லும்போது, அதில் பாதி உன்னுடையது என்று மனதுக்குள் சொல்லிக்கொள்வேன். ஆனால் இதை நீ மெதுவாக வாசிக்க வேண்டும் என்று நினைக்கிறேன். நேரில் சொல்லலாம் என்றால், நான் இரண்டு வசனம் சொல்வதற்குள் நீ "ரோலி, மோர்" என்பாய். பதறாதே அம்மா என்றுதான் அர்த்தம். ஆனால் அதோடு என் வாய் மூடிவிடும். நான் அப்படிப்பட்டவள்தான். அதனால் வியாழக்கிழமை கோப்பன்ஹேகனில் ரயில் ஏறியதும் இதைத் திற. பாதி வழியில் ஃபிரெடெரிசியா வருவதற்குள் வாசித்து முடித்துவிடுவாய்.

அக்காவிடம், அதாவது உன் பெரியம்மாவிடம், கேட்டுவிட்டுத்தான் எழுதுகிறேன். "எழுது. எனக்கு வாயாலை வராது. மற்றப் பெடியளும் வாசிக்கட்டும்" என்று சொன்னா. எனவே இது உனக்கு எழுதிய கடிதம் என்றாலும், அன்று மாப்பிள்ளையைத் தூக்க உன்னோடு வெள்ளை வான் வண்டியில் வந்த மூன்று பேருக்கும் காட்டு. அவர்களுக்குத் தமிழ் எழுத்துத் தெரியாவிட்டால் அவர்களின் தாய்மார் வாசித்துச் சொல்லட்டும். சனிக்கிழமை கோல்டிங்கில் கல்யாணம். பெரியப்பா தன் சொந்த மகனின் கல்யாணத்துக்கு வரமாட்டேன் என்று இருக்கிறார். நீ தொலைபேசியில், அவர் ஏன் இந்த வயதில் நாடகம் ஆடுகிறார் என்று கேட்டாய். அதே மூச்சில், சாப்பாடு முடிந்த பிறகு மண்டபத்தின் பெரிய திரையில் அன்று நீங்கள் போனில் எடுத்த படத்தைப் போடப்போவதாகவும் சொன்னாய். நான் போனை வைத்துவிட்டேன். அதைச் சம்மதம் என்று எடுத்துக்கொள்ளாதே. எனக்கு அருவருப்பாக இருந்தது. உன்னைப் பற்றிப் பேசும்போது இந்தச் சொல் வரும் என்று நான் நினைத்ததே இல்லை.

முதலில் நீ விரும்பிப் பார்க்கும் அந்த லண்டன் ரௌடிச் சிரிப்புப் படங்களைப் பற்றிச் சொல்கிறேன். உனக்குப் பதின்மூன்று பதினான்கு வயதில் தொடங்கியது அது. வெள்ளிக்கிழமை பின்னேரம் நீயும் அப்பாவும் கடையில் நிறுத்து வாங்கிய இனிப்புப் பையோடு சோபாவில் இருப்பீர்கள். அப்பா இறைச்சித் தொழிற்சாலையில் அதிகாலை வேலை முடித்து, தூங்கி எழுந்து, குளித்துவிட்டு வந்திருப்பார். அதற்கு முன் உங்கள் இருவருக்கும் கதைக்க ஒன்றுமே இருக்கவில்லை. நீ டெனிஷில் பதில் சொல்வாய், அவர் தமிழில் இன்னொன்றைக் கேட்பார், இரண்டும் சந்திக்காது. அந்தப் படங்கள் வந்த பிறகு வீட்டில் சிரிப்புக் கேட்டது. அவர்கள் பேசும் ஆங்கிலத்தில் அப்பாவுக்கு மூன்றில் ஒரு சொல்கூட விளங்காது. நீ சிரிக்கும்போது அவரும் சிரிப்பார். நான் குசினியில் நின்று கேட்டுக்கொண்டிருப்பேன். அதனால்தான் இத்தனை வருடம் ஒரு சொல்லும் சொல்லவில்லை. தகப்பனும் மகனும் சேர்ந்து சிரிக்கிறார்கள், எதைப் பார்த்துச் சிரித்தால் என்ன என்று விட்டுவிட்டேன்.

போன வாரம் நானே இருந்து மூன்று படங்களைப் பார்த்தேன். உன் கண்ணால் பார்க்க வேண்டும் என்று முயன்றேன். ஏன் பிடிக்கிறது என்று எனக்கு விளங்கியது. அதை ஒத்துக்கொள்ளாவிட்டால் நான் சொல்லும் மற்றது எதையும் நீ நம்பமாட்டாய். அவர்கள் கதைக்கும் வேகம் நன்றாக இருக்கிறது. ஒரு சொல்லைப் பிடித்துக்கொண்டு நாலு பேர் வாயில் மாறி மாறிப் போட்டுப் பந்தாடுகிறார்கள். ஒருவனுக்கும் ஒழுங்கான ஆங்கிலம் இல்லை, ஒவ்வொருவனும் ஒவ்வொரு ஊர் உச்சரிப்பு, ஆனால் யாரும் யாரையும் திருத்துவதில்லை. பள்ளிக்கூடத்தில் உன் டெனிஷையும் வீட்டில் உன் தமிழையும் எல்லோரும் திருத்திக்கொண்டே இருந்தோம். உடைந்த மொழியை வைத்துக்கொண்டே ராசாக்கள் மாதிரி நடப்பவர்களைப் பார்க்க உனக்கு ஆசையாகத்தான் இருந்திருக்கும். விடியப்புறம் எழும்பிப் பன்றி வெட்டப் போகிறவன் அந்தப் படங்களில் இல்லை. திட்டம் போடுகிறார்கள், திட்டம் பிழைக்கிறது, பிழைத்ததைச் சமாளிக்க இன்னும் முட்டாள்தனமான திட்டம் போடுகிறார்கள். ஓரிடத்தில் நானும் சத்தமாகச் சிரித்துவிட்டேன். அப்பா எட்டிப் பார்த்துவிட்டு, "உனக்கும் விளங்குதோ?" என்று கேட்டார்.

பிறகு ஒரு காட்சி. ஒரு மனிதனைக் கதிரையில் கட்டித் தலையில் சாக்குப் போட்டு வைத்திருக்கிறார்கள். அவனைப் பிடித்து வந்தவர்கள் பக்கத்தில் நின்று தேத்தண்ணி ஊற்றுகிறார்கள். ஒருவனுக்குச் சீனி வேண்டும், மற்றவனுக்கு வேண்டாம், பால் முதலிலா பிறகா என்று ஒரு சண்டை. சாக்குக்குள் இருப்பவன் ஏதோ முனகுகிறான், அவனுக்கும் தேத்தண்ணி வேண்டுமா என்று கேட்கிறார்கள். அந்த இடத்தில்தான் எல்லோரும் சிரிக்க வேண்டும். நான் படத்தை நிறுத்திவிட்டுக் கழுவுதொட்டிக்குப் போய் முகத்தைக் கழுவினேன். கமரா எங்கே நிற்கிறது என்று பார்த்தாயா? எப்போதும் தேத்தண்ணி ஊற்றுகிறவனின் பக்கத்திலேயே நிற்கிறது. சாக்குக்குள் ஒருமுறையும் போகவில்லை. மூன்று படங்களிலும் ஒரு தாயையோ மனைவியையோ தேடினேன், வீட்டுக்கு வராதவனுக்காக யன்னலில் நிற்கிற ஒருத்தியைத் தேடினேன். இல்லை. அவள் வந்தால் சிரிக்க முடியாது. அவளை வெளியே விட்டுத்தான் அந்தக் கதவைப் பூட்டுகிறார்கள்.

இப்போது அந்தப் பலகாரச்சூட்டு நாளுக்கு வருகிறேன். கல்யாண வீட்டில் எண்ணெய்ச் சட்டி வைத்து முதல் பலகாரம் சுடுவதற்கு நல்ல நேரம் பார்த்திருந்தோம். அக்கா வீட்டுக் குசினியில் நானும் அவவும் பயத்தம் பணியாரம் உருட்டிக்கொண்டிருந்தோம். அன்று காலை நீங்கள் நாலு பேரும் மாப்பிள்ளையைத் தூக்கிக்கொண்டு போக வருவீர்கள் என்று எங்கள் இருவருக்கும் தெரியும். டெனிஷ்காரர் கல்யாணத்துக்கு முன் சிநேகிதனை இப்படித் திடீரென்று பிடித்துக்கொண்டு போய், வேடம் போட்டு, தெருவில் நிறுத்திப் பகிடி பண்ணுவார்கள். இங்கே பிறந்து வளர்ந்த பிள்ளைகள் நீங்களும் செய்கிறீர்கள், செய்யட்டும் என்று இருந்தோம். பெரியப்பாவுக்குச் சொல்ல வேண்டாம், அவருக்கு வாய் நிற்காது, மாப்பிள்ளைக்குச் சொல்லிவிடுவார் என்று நீதான் சொன்னாய். நாங்களும் சரி என்றோம். எப்படி வருவீர்கள் என்று நான் கேட்கவில்லை. பாட்டுப் போட்டுக்கொண்டு, கையில் பலூனோடு வருவீர்கள் என்று நினைத்தேன்.

நீங்கள் வெள்ளை வானில் வந்தீர்கள். பெரியப்பா வாசலில் கார் கழுவிக்கொண்டிருந்தார். மாப்பிள்ளை குப்பைப் பையைக் கொண்டு வெளியே வந்தான். வான் பிரேக் போட்ட சத்தத்தில் யன்னலால் பார்த்தேன். பக்கக் கதவு இழுபட்டது. முகத்தில் கறுப்புக் கம்பளி மூடியோடு நாலு பேர். சாக்கு அவன் தலையில் விழுந்தது, கைகளைப் பின்னால் பிடித்துக் கட்டினீர்கள், லண்டன் படத்து ஆங்கிலத்தில் கத்தினீர்கள். சாக்குக்குள் அவன் சிரித்துக்கொண்டிருந்தான், அவனுக்கு உடனே விளங்கிவிட்டது. நானும் சிரித்தேன். அக்கா சிரிக்கவில்லை. கையில் இருந்த மாவுருண்டை நசிந்து விரலுக்குள்ளால் வந்தது. பெரியப்பாவைக் காட்டி, "அத்தானைப் பார்" என்றா.

தண்ணீர்க் குழாய் நிலத்தில் கிடந்து தானாகச் சுழன்றது. பெரியப்பா வீட்டுக்குள் ஓடி வந்தார். எங்களைக் கடந்து போனவர் எங்களைப் பார்க்கவில்லை. கோட்டுப் பையில் இருந்து, இந்த நாட்டில் அடையாள அட்டை மாதிரிக் காட்டும் தன் மஞ்சள் மருத்துவ அட்டையை எடுத்தார். அதை ஒரு கையில் உயர்த்திப் பிடித்து, மற்றக் கையையும் உயர்த்தி, வெளியே போய், ஈரத் தரையில் உங்களுக்கு முன்னால் முழங்காலில் இருந்தார். அவர் பேசியது தமிழ் இல்லை. டெனிஷும் இல்லை. "மாத்தயா, மாவ அரன் யன்ன" என்று சொன்னார். அது சிங்களம். ஐயா, என்னைக் கொண்டு போங்கோ என்று அர்த்தம். இந்த ஊரில் அவர் சிங்களம் பேசி யாரும் கேட்டதில்லை. நீங்கள் எல்லோரும் வெடித்துச் சிரித்தீர்கள். அவரும் உங்கள் விளையாட்டில் சேர்ந்துவிட்டார் என்று நினைத்தீர்கள். முகமூடி போட்டிருந்தாலும் உன் சப்பாத்து எனக்குத் தெரியும், நான் வாங்கித் தந்தது. நீ போனை அவர் முகத்துக்குக் கிட்டக் கொண்டு போனாய். வரிசையில் நில், கிழவா, உன் முறை வரும் என்று ஆங்கிலத்தில் சொன்னாய். மற்றவர்கள் வானின் தகரத்தில் அடித்துச் சிரித்தார்கள். கதவு மூடியது. போய்விட்டீர்கள்.

நாங்கள் அவரைத் தூக்கினோம். காற்சட்டை முழங்கால் இரண்டும் நனைந்திருந்தன. அக்கா காதோடு, "பெடியள், பகிடிக்குச் செய்தவங்கள்" என்றா. அவர் என்னைப் பார்த்து, "ஓ, பகிடியோ பிள்ளை?" என்று கேட்டார். சிரிக்க முயன்றார். உள்ளே போய்க் கைகழுவினார். குசினியில் முதல் சட்டிப் பணியாரம் முழுவதும் கரியாகிப் போயிருந்தது. அன்றிலிருந்து அவர் வெளியே வருவதில்லை. மணி அடித்தால் எழுந்து பின்பக்க அறைக்குப் போகிறார். நேற்று அக்கா கல்யாண வேட்டியை எடுத்து வைத்தபோது, "நான் வரேல்லை. வாசல்லை வாகனம் வந்து நிக்கிறதை என்னாலை பாக்கேலாது. நீங்கள் போட்டு வாங்கோ" என்றாராம். மகனின் கல்யாணத்துக்கு மற்றவர்களைப் போய்வரச் சொல்கிறார், தம்பி.

உனக்குத் தெரியாததை இப்போது சொல்கிறேன். நீ நடை பழகிச் சில காலம் இருக்கும். நான் இருபது வயதில் உன்னைப் பெற்றுக்கொண்டு இந்த ஊரில் மொழி தெரியாமல் இருந்தேன். அக்காவும் பெரியப்பாவும் அப்போது கொழும்பில் இருந்தார்கள். அவர் ஒரு புத்தகக் கடையில் வேலை செய்தார். ஒரு நாள் கடையால் வரும்போது வெள்ளை வானில் வந்தவர்கள் அவரைப் பிடித்துக்கொண்டு போனார்கள். அந்தக் காலத்தில் அந்த நகரத்தில் வெள்ளை வான் என்றால் என்ன என்று எங்கள் ஆட்களிடம் விளக்க வேண்டியதில்லை. போனவர்களில் அநேகம் பேர் திரும்பி வரவில்லை. அக்கா ஒவ்வொரு வாசலாக ஏறி இறங்கினா. மகனுக்கு, அப்பா ஆஸ்பத்திரியில் இருக்கிறார் என்று சொல்லி வைத்தா. இன்றுவரை அவன் அதைத்தான் நம்பிக்கொண்டிருந்தான். இன்றைக்குத்தான் அக்கா அவனுக்குச் சொல்லப் போகிறா. பிறகு ஒரு விடியற்காலை, ஏன் பிடித்தார்கள் ஏன் விட்டார்கள் என்று யாரும் சொல்லாமல், தலையில் சாக்கோடு தெருவோரத்தில் அவரை இறக்கிவிட்டுப் போனார்கள். அவர் அதைப்பற்றிக் கதைத்ததே இல்லை. வாய் நிற்காது என்று நாங்கள் எல்லோரும் கேலி செய்யும் மனிதர் இதை மட்டும் ஒருவருக்கும் சொல்லவில்லை.

அக்காவிடம் ஒரே ஒரு முறை ஒன்று சொன்னாராம். "அவங்கள் நல்ல பகிடிக்காரர்" என்று. அறைக்குள் ஒருவன் பகிடி விடுவானாம், மற்றவர்கள் சிரிப்பார்களாம், யாரோ தேத்தண்ணி கொண்டு வருவானாம். இவருக்குக் கொஞ்சம் சிங்களம் தெரியும். எந்தப் பகிடி தன்னைப் பற்றியது என்று விளங்கும் அளவுக்குத் தெரியும். சாக்குக்குள் இருந்துகொண்டு அந்தச் சிரிப்பைக் கேட்டிருக்கிறார். எனக்கு அருவருப்பாக இருப்பது இதுதான். உன் படங்கள் பொய் என்று சொன்னால் நான் சமாதானமாகிவிடுவேன். அவை பொய் இல்லை. அந்த மாதிரி மனிதர்கள் உண்மையிலேயே அப்படித்தான் இருப்பார்கள் போலிருக்கிறது, கலகலப்பாக, பட்டப்பெயர் வைத்துக்கொண்டு, ஒருவரை ஒருவர் நக்கலடித்துக்கொண்டு. அந்தக் கலகலப்பை எடுத்து, இசை போட்டு, உங்களுக்கு விற்கிறார்கள். நீங்களும் அவர்கள் பக்கத்தில் போய் இருந்துகொண்டு கோப்பையை நீட்டுகிறீர்கள்.

உனக்கு எதுவும் தெரியாது, அது எங்கள் பிழை. அன்று வாசலில் நடந்ததற்காக உன்னோடு எனக்குக் கோபம் இல்லை. என் கோபம் அதற்குப் பிறகு நடந்ததில். போன புதன்கிழமை நீ அன்று எடுத்த படத்தை எனக்கு அனுப்பினாய். சிரித்துச் சிரித்து வயிறு நோகும் என்று எழுதியிருந்தாய். நான் வேலை செய்யும் பாலர் பள்ளியில், இடைவேளையில், கோப்பி மேசையில் இருந்து பார்த்தேன். பெரியப்பா முழங்காலில் இருக்கும் இடத்தில் நீ படத்தை மெதுவாக்கி, நிறுத்தி, அவர் முகத்துக்குக் கீழே பெரிய மஞ்சள் எழுத்தில் ஆங்கிலத்தில் பேச்சுவார்த்தை நிபுணர் என்று பெயர் போட்டிருந்தாய், உன் படங்களில் ஒவ்வொரு ரௌடிக்கும் பெயர் போடுவது போல. அதை வெட்டி ஒட்டுவதற்கு நீ அந்த முகத்தைத் திரும்பத் திரும்பப் பார்த்திருப்பாய். பெரிதாக்கியும் பார்த்திருப்பாய். அவருடைய கீழ் உதடு எப்படி இருக்கிறது என்று எனக்கு அந்தச் சின்னப் போனிலேயே தெரிந்தது. உனக்கு ஏன் தெரியவில்லை? நீ கண் இல்லாத பிள்ளை இல்லை. சின்ன வயதில் நான் அழுதுவிட்டு வந்தால் முகத்தைக் கழுவியிருந்தாலும் கண்டுபிடிப்பாய்.

எங்கள் பாலர் பள்ளியில் மூன்று வயதுப் பிள்ளைகளுக்கு முதலில் பழக்குவது ஒன்றுதான். விளையாட்டில் ஒரு பிள்ளை கையை உயர்த்தி, நிறுத்து, எனக்கு இது பிடிக்கவில்லை என்றால், எல்லாரும் அந்த இடத்திலேயே நிறுத்த வேண்டும். கள்ளன் பொலிஸ் விளையாடும்போதும்தான். நீயும் அப்படித்தான் வளர்ந்தாய். வீட்டுக்கு வந்து எனக்கும் அப்பாவுக்கும் கையை உயர்த்திக் காட்டுவாய், நாங்கள் கொஞ்சம் சத்தமாகக் கதைத்தால். அன்று பெரியப்பா இரண்டு கையையும் உயர்த்தினார். அந்த இடத்தில்தான் உங்கள் சிரிப்புக் கூடியது. மூன்று வயதில் தெரிந்திருந்த ஒன்றை இருபத்தொரு வயதுக்குள் உன்னிடமிருந்து யார் வாங்கிக்கொண்டார்கள் என்று யோசி. அந்தப் படங்களைப் பார்க்காதே என்று நான் சொல்லப்போவதில்லை, சொன்னாலும் நீ கேட்கமாட்டாய். பார்க்கும்போது ஒரு முறையாவது சாக்குக்குள் போய் இருந்து பார். அதன் பிறகும் சிரிப்பு வந்தால் சிரி.

மண்டபத்தில் அந்தப் படம் ஓடாது. அதை நான் உன்னிடம் கேட்கவில்லை, சொல்கிறேன். உன் போனிலும் மற்றவர்களின் போன்களிலும் இருக்கக்கூடாது. இது தாய் சொல்வது என்று வைத்துக்கொள்.

கேட்பது வேறொன்று. இவ்வளவு நேரமும் அதைச் சுற்றிச் சுற்றித்தான் எழுதிக்கொண்டிருக்கிறேன், கேட்க வெட்கமாக இருந்தது. பெரியப்பாவைப் பிடித்து வைத்திருந்தவர்களின் முகத்தை அவர் இன்றுவரை பார்த்ததில்லை. பெயரும் தெரியாது. அவர்களில் ஒருவனும் வந்து அவர் வாசலில் நின்று, அது நான்தான் என்று சொன்னதில்லை. இனிச் சொல்லப் போவதும் இல்லை. ஆனால் நீ சொல்லலாம். வியாழக்கிழமை இங்கே நம் ஊர் ஹொல்ஸ்டெப்ரோவில் இறங்கியதும் நேரே வீட்டுக்கு வராதே. யாருடைய வாகனத்திலும் ஏறாதே, நடந்து போ. பெரியப்பா வீட்டு மணியை அடித்துவிட்டு வாசலில் இருந்து நாலடி தள்ளி வந்து, யன்னலால் பார்த்தால் தெரிகிற மாதிரிப் புல்லில் நில். தொப்பி போட்டிருந்தால் கழற்று. கையில் போன் இருக்கக்கூடாது. உன் பெயரை அவருக்குக் கேட்கிற மாதிரிச் சொல்லு, தமிழில் சொல்லு, "பெரியப்பா, அண்டைக்கு முகத்தை மூடிக்கொண்டு வந்தது நான்தான்" என்று சொல்லு. கதவு உடனே திறக்காது. அக்கா போய்த் திறக்க மாட்டா, அவவிடம் சொல்லி வைத்திருக்கிறேன். அவரே திறக்க வேண்டும். எவ்வளவு நேரமானாலும் அந்த இடத்திலேயே நில், ராசா.

அம்மா